உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள பழைய கலங்கரை விளக்கத்தை மக்கள் பார்க்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அலுவலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சென்னை.

பொருள்: 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூணை விடுமுறை நாள்களில் பொதுமக்கள் பார்க்க ஏற்பாடு செய்யவும், தமிழில் விவரப் பலகை வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பார்க்காமல் போவதில்லை. அதே வளாகத்துக்குள் தனியாக நிற்கும் பெரிய கல்தூண் என்ன என்று கேட்டால், ‘ஏதோ வெள்ளைக்காரன் நினைவுத் தூண்’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அது 1844 முதல் 1894 வரை சென்னைக்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு. அதன் அடிவாரம் வரையாவது மக்கள் போய்ப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த ஊரின் விளக்கு நான்கு இடங்களில் இருந்திருக்கிறது. 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். அடுத்தது நான் சொல்லும் தூண். மூன்றாவது, உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுரம். 1977 முதல் மெரினா. கோட்டைக்குள் ராணுவம், அருங்காட்சியகத்தில் தொல்லியல் துறை, வளாகத்தில் நீதிமன்ற நிர்வாகம், மெரினாவில் கலங்கரை விளக்கத் துறை என்று நாலு அலுவலகக் கதவைத் தட்ட வேண்டும். தனி ஆளாக என்னால் ஆகிற காரியமில்லை. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1876இல் துறைமுக வேலை தொடங்கியது. முடியும் தறுவாயில் இருந்த அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. இப்படிப்பட்ட கரைக்கு இரவில் வரும் மாலுமிக்கு இருந்த துணை அந்த ஒரு வெளிச்சம்தான். நம் கரை தட்டையானது, அடையாளம் சொல்ல மலைமுகடு எதுவும் அருகில் இல்லை. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல்திட்டுகள் வேறு. அங்கேயும் 1859இல் ஒரு விளக்கு வைத்தார்கள்.

தூணை வடிவமைத்தவர் மெட்ராஸ் பொறியாளர் படையின் கேப்டன் ஜே. டி. ஸ்மித். சுண்ணாம்பையும் சாந்தையும் பற்றிய பிரெஞ்சு நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர், கட்டுமானம் அவருக்கு அத்துப்படி. கிரேக்க டோரிக் பாணியில் எழுந்த அந்தத் தூணில் 1844 சனவரி முதல் தேதி விளக்கு எரியத் தொடங்கியது. உச்சியில் இருந்தவை ஆர்கண்ட் விளக்குகள். உருளையான திரியின் நடுவே துவாரம் இருக்கும். உள்ளும் புறமும் காற்று போவதால் புகை குறைந்து சுடர் வெளுப்பாக எரியும். பின்னால் குழிந்த பிரதிபலிப்பான் அந்த ஒளியைத் திரட்டிக் கடல் பக்கம் அனுப்பும். அதில் கரி படிந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். துடைப்பதற்கென்றே ஆள் வேண்டும்.

பிரகாசம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். பூமி உருண்டை என்பதால், நூறடி உயரத்தில் எரியும் விளக்கு, நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும் கண்ணுக்கு ஏறக்குறைய 12 கடல் மைலுக்கு அப்பால் தெரியாது. பக்கத்திலேயே 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் தூணைவிட உயரமாக எழுந்தது. 1894இல் விளக்கு அதன் கோபுரத்துக்குப் போய்விட்டது. நீதிமன்றத் தலைமேல் கலங்கரை விளக்கம்! 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டு விழுந்த இடத்துக்குச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு இருக்கிறது. ஒரு ராத்திரி குண்டு போட்டுவிட்டுப் போனவனைச் சொல்லும் ஊர், ஐம்பது வருடம் வெளிச்சம் காட்டிய தூணையும் சொல்ல வேண்டாமா?

பாதுகாப்பு என்ற பதில் வரும் என்று தெரியும். நியாயமான பதில்தான், நீதிமன்றம் சுற்றுலாத் தலமல்ல. ஆனால் மெரினா கலங்கரை விளக்கமும் பாதுகாப்புக் காரணத்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் மக்களுக்கு மூடிக் கிடந்ததுதான். 2013 நவம்பரில் சோதனை ஏற்பாடுகளோடு திறந்தார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீதிமன்ற விடுமுறை நாளில், மாதம் ஒரு முறை, முன்பதிவு செய்து அடையாள அட்டையோடு வரும் சிறு குழுவை வழிகாட்டியுடன் உள்ளே அனுப்பினால் போதும். தூணின் மேலே ஏற வேண்டாம், அடிவாரம் வரை போனால் சரி. முதல் அனுமதி ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். உள்ளே வர முடியாதவர்களுக்காகச் சாலையோரம் தமிழில் ஒரு விவரப் பலகை வேண்டும். அதில் ஸ்மித்தின் பெயர் எப்படியும் வந்துவிடும். அலையில் மசூலாப் படகு ஓட்டியவர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும். அப்புறம், தூணின் கல்லிலும் சாந்திலும் விரிசல் ஏதும் உள்ளதா என்று பழங்கட்டடங்களில் தேர்ந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்து அறிக்கை பெறவும் வேண்டுகிறேன். மேலே பூச்சு வேலை செய்வதாக இருந்தால் சிமெண்டைத் தொடவே வேண்டாம், சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு ஒத்துவரும்.

மேற்படி நான்கு அலுவலகங்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்துப் பேசி, எடுத்த முடிவை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலகைக்கான வாசகத்தை எழுதித் தரவும், பிள்ளைகளுக்கு நேரில் விளக்கவும் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: சென்னை