பெரியவன் பெட்டியில் பட்டாசு வேண்டாம், அக்கா

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல், பெரியவன் திரும்பி வரும்போது கொடுத்து விடுகிறேன்.

தீபாவளிக்கு அவன் இங்கே வருகிறான் என்றதில் எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் நேற்று போனில் அவன், "சித்தி, அப்பா நல்ல ரகமாப் பார்த்து ரெண்டு கிப்ட் பாக்ஸ் எடுத்து வச்சிருக்கார், பெட்டியில போட்டுக் கொண்டு வரேன்" என்றான். எனக்குப் பதறிவிட்டது. வேண்டாம் என்று சொன்னேன். சரி என்று சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் அவன் மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தானுக்கும் இதைப் படித்துக் காட்டு.

முதல் விஷயம், விமானத்தில் பட்டாசு ஏற்ற முடியாது. கையில் கொண்டுபோகும் பையிலும் சரி, சரக்கில் போடும் பெட்டியிலும் சரி. கம்பி மத்தாப்பு, பாம்பு மாத்திரை, கேப்பு என்று எதுவும் கூடாது. மதுரையிலேயே பெட்டியைத் திறந்துவிடுவார்கள். அப்படியே தப்பி இங்கே இறங்கினாலும், சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலில் பட்டாசு இருக்கிறது. சூயிங்கமும் அதே பட்டியலில்தான். இங்கே வெடித்தால் மட்டும் குற்றம் என்று நினைக்காதே. அனுமதி இல்லாமல் கொண்டுவருவது, விற்பது, கைமாற்றுவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம்தான். 2018 தீபாவளியை ஒட்டி தேக்காவில், லிட்டில் இந்தியாவில்தான், குளோஸ்டர் ரோட்டில் வாணவேடிக்கை கொளுத்திய விவகாரத்தில் ஆட்களைக் கைது செய்தார்கள். அப்போதிருந்த சட்டப்படி வெடித்தவருக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பண்டிகைக்கு வந்தவன் பேரில் இப்படி ஒரு வழக்கு விழுந்தால் அவன் பிழைப்பு என்னவாகும் என்று நீயே யோசித்துப் பார்.

நம் ஊர்க்காரிக்கு இது எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பட்டாசு ஆபீஸ், அதாவது பட்டாசு ஆலை, வேலைக்குப் போகிற ஊர் நம்முடையது. இங்கே வந்த முதல் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தால் காக்கா சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது. தீபாவளியன்று அரசு விடுமுறை, சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், கேம்பல் லேனில் பாதம் வைக்க இடமில்லாத சந்தை. எல்லாம் இருந்தும் அந்தக் காலைச் சத்தம் இல்லாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்தத் தடை ஏன் வந்தது என்று எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம்தான் முதலில் கேட்டேன். அவர் சைனாடவுனில் பிறந்து வளர்ந்தவர். சீனப் புத்தாண்டு என்றால் கடைவீடுகளின் மாடியிலிருந்து தெரு வரைக்கும் சரவெடி தொங்கவிடுவார்களாம். சத்தம் கெட்டதை விரட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெடித்த சிவப்புக் காகிதம் தெருவில் எவ்வளவு கனமாக விழுகிறதோ, அந்த வருடம் அவ்வளவு செல்வம் சேரும் என்று அதைக் கூட்டாமல் விட்டுவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது பாட்டியின் முகம் அப்படி மலர்ந்தது.

1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் இறந்துபோனார்கள். 25 பேருக்குக் காயம். நெருக்கமான கடைகள், மேலே குடித்தனங்கள், பலகைத் தரை, ஒரு பொறி போதும். அரசாங்கம் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. சில நாள், சில இடம் என்று கட்டுப்பாடு போட்டுப் பார்த்தது. ஆனால் 1972 புத்தாண்டில் வெடித்துக்கொண்டிருந்த கும்பலைத் தடுக்கப்போன, கையில் ஆயுதம் இல்லாத இரண்டு போலீஸ்காரர்களை அடித்துப் போட்டார்கள். அந்த வருடமே ஆபத்தான வாணவேடிக்கைச் சட்டம் வந்து முழுத் தடை விழுந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். பண்டிகையின் சத்தத்தை எடுத்துவிட்டோமே, ஜனங்கள் மனது வாடுமே என்று ஆட்சியில் இருந்தவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. அப்போதைய பிரதமர் லீ குவான் யூவின் யோசனைப்படி 1973-இல் சிங்கே ஊர்வலம் தொடங்கினார்கள். சிங்க நடனம், டிராகன் நடனம், பொய்க்கால், கொடி என்று தெருவில் ஊர்வலம். பிறகு மலாய்க்காரர்களும் நம்மவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். இன்றுவரை வருடந்தோறும் நடக்கிறது. தடை போட்டுவிட்டு ஜனங்களை அப்படியே விட்டுவிடவில்லை, பாரேன். வாணவேடிக்கையும் முழுக்கப் போய்விடவில்லை. ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு மரினா பேயில் வானமே பூத்தது போலிருக்கும். அனுமதி வாங்கிய, பழகிய ஆட்கள், தண்ணீர்ப் பக்கம், ஜனங்களைத் தள்ளி நிறுத்திவைத்து அதைச் செய்கிறார்கள்.

இங்கே பத்தில் எட்டுப் பேர் எங்களைப் போல அடுக்குமாடி வீவக வீட்டில்தான், அதாவது அரசு கட்டிக்கொடுத்த வீட்டில்தான் இருக்கிறோம். எங்கள் மாடியில் ஒரே தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள், செருப்பு அலமாரி, சைக்கிள், பூந்தொட்டி. ஒருவர் ராக்கெட் விட்டால் அது யார் வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய் விழும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தீ என்றால் அவரைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடி இறங்குவது? இதையெல்லாம் யோசித்த பிறகு எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் வருத்தம் போய்விட்டது. இப்போது மரியாதைதான் இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "எல்லா ஊரும் இப்படித் தடை போட்டா நம்ம அடுப்பு எப்படி எரியும்?" நியாயமான கேள்வி. நம் ஜனம் வேறு எதற்குப் போகும்? வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தபோதெல்லாம் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும்தான் சோறு போட்டன. பட்டாசே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிச் சுற்றிச் சேர்த்த காசில்தானே நான் நர்சிங் படித்தேன்.

ஆனால் இங்கே ஆறு உயிருக்கு ஒரு நாடே வழக்கத்தை மாற்றிக்கொண்டது என்று கேட்டபோது எனக்குச் சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்துதான் நினைவுக்கு வந்தது அக்கா. 2012 செப்டம்பர் 5. ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர். தீயைக் கண்டு காப்பாற்ற ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அடுத்தடுத்து வெடித்ததில் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனை விபத்து. ஒவ்வொரு தடவையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள், உரிமத்தை நிறுத்துகிறார்கள், கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது.

நம் ஊரிலும் வெடிப்பவர்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று நேரம் குறித்தார்கள். சரவெடி கூடாது, பேரியம் என்கிற ரசாயனம் கூடாது, புகை குறைவான பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும். அத்தானுக்கு அதில் இன்னும் கோபம் ஆறவில்லை என்று தெரியும். எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் அணுகுண்டு போடக் கூடாது என்பதில் ஒரு குறையும் தெரியவில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் நெஞ்சு வலிக்காரர்களையும் கேட்டுப் பார். திறந்தவெளியில் எல்லாரும் கூடி ஒரே இடத்தில் வெடியுங்கள் என்று அரசாங்கம் சொல்கிறதே, அதை நம் தெருவிலாவது செய்து பார்க்கலாம். கம்மாய்க்கரையில் வைத்தால் ஊரே வந்து பார்க்கும்.

என் வருத்தம் வேறு. வெடிப்பவனுக்கு மணிக்கணக்குப் பார்த்துச் சட்டம் போடுகிறோம். செய்பவளுக்கு இருக்கும் சட்டத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் உட்காரலாம், இவ்வளவு வெடிமருந்துதான் இருக்கலாம், மரத்தடியில் வேலை கூடாது என்று விதி எப்போதோ எழுதியிருக்கிறது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? சித்தப்பாவின் இடதுகை விரல்கள் ஒட்டிப்போனது அப்படி ஒரு அவசரத்தில்தானே. அந்த முதலாளி வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே கட்டட வேலைக்குப் போகும் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். அப்படியிருந்தும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நடந்தால் யார் பொறுப்பு என்று விடாமல் கேட்கிறார்கள்.

அத்தான் போர்மேன். அவர் வாயால் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மருந்து வேலையை முடித்துவிடச் சொல். கூட்டம் கூடினால் முதலாளி முகத்தைப் பார்க்காமல் இரண்டு பேரை வெளியே அனுப்பச் சொல். கூலி போகும் என்று அவர்கள் சண்டை போடுவார்கள், போடட்டும். நீயும் அந்த நைலான் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகாதே, பருத்திதான் கட்ட வேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

பெரியவனுக்கு வருத்தம் வேண்டாம் என்று சொல். கம்பி மத்தாப்பு இங்கே தேக்காக் கடைகளிலேயே கிடைக்கும், அதற்குத் தடை இல்லை. புளோக்குக்குக் கீழே புல்தரையில் பிள்ளைகளோடு நின்று, பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்தலாம். அதற்கு முன்னால் மாரியம்மன் கோயில் தீமிதி நாளில் அவன் வந்துவிட்டால் கூட்டிக்கொண்டு போகிறேன். சீனர்கள்கூட வரிசையில் நின்று கும்பிடுவார்கள்.

பட்டாசுக்கு வைத்திருந்த இடத்தில் சாத்தூர் சேவு இரண்டு கிலோ, கருப்பட்டி மிட்டாய், உன் கையால் செய்த அதிரசம் வைத்து அனுப்பு. அதிரசத்தைக் காகிதத்தில் நன்றாகச் சுற்று, போன தடவை எண்ணெய் பெட்டியெல்லாம் ஆகிவிட்டது. டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடச் சொல், இவர் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொள்வார். அத்தான் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் தங்கை