ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆடி பிறக்கப் போகிறது. மேற்கே மழை பிடித்துவிட்டால் நம் பவானி ஊருக்கு எந்த நேரமும் தண்ணீர் வரலாம். ஆற்றோரத் தெருக்களிலிருந்து நம் பள்ளிக்கு நிறையப் பிள்ளைகள் வருவதால், இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

"ஏனுங்க டீச்சர், இங்க ஒரு பொட்டு மழைகூட இல்லீங்களே, வெள்ளம் எப்படிங்க வரும்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நமக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் நம் ஊர் மழையால் வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்வது கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளை நிரப்பி, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வருகிறது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது சில மணி நேரத்தில் இங்கே வந்து சேரும். வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. ஆனால் படித்துறை முழுகியிருக்கும்.

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி வந்தது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம். ஒவ்வொரு விநாடிக்கும் 4 லட்சம் குடம்! 2018-இல் பவானிசாகர் அணையும் சேர்ந்து திறக்கப்பட்டது. நம் ஊர் காவிரியும் பவானியும் சேருமிடம் என்பதை மறக்கக் கூடாது. காவிரி உயர்ந்து நிற்கும்போது பவானி ஆற்றுத் தண்ணீருக்கு வடிய இடமில்லை, அதுவும் பின்வாங்கி ஏறும். அதனால் கரையைத் தாண்டித்தான் ஆறு வரும் என்று காத்திருக்காதீர்கள். பல வீடுகளுக்கு முதலில் சாக்கடை வழியாக, கொல்லைப் பக்கமாகத்தான் தண்ணீர் வரும். சாக்கடையில் தண்ணீர் எதிர்த்து ஏறினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஜமக்காளத் தறி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. குழித்தறியில் முதலில் நிறைவது குழிதான். பாவும் நூலும் நனைந்தால் வாரக்கணக்கில் கூலி போய்விடும். மேட்டூர் அணை 120 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்ததுமே நூலைப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அப்புறம் தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகளை முதலில் வீட்டுக்குள் அனுப்பாதீர்கள். பாம்பு ஒதுங்கியிருக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. தண்ணீர் வந்திருக்கிறது என்றதும் பிள்ளைகளை பைக்கில் ஏற்றிப் பாலத்துக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போகிறோம். கரையில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். "எங்க பையன் நல்லா நீச்சல் அடிப்பானுங்க" என்பதும் அந்த நாட்களில் செல்லாது. அவன் பழகியது கோடைக்காலக் காவிரி. மதகு திறந்த காவிரியில் சுழலும் அடியிழுப்பும் பெரியவர்களையே விடாது. ஆடி 18-க்குக் கூடுதுறையில் குளிக்கத் தடை போட்டிருந்தால், வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி, முளைப்பாரியை வாசலில் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். காவிரித் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பள்ளி தரப்பில் செய்வதைச் சொல்கிறேன். எச்சரிக்கை வந்த நாளில் ஆற்றோரத் தெருப் பிள்ளைகளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். பெற்றோரோ, பெயர் எழுதிக் கொடுத்த உறவினரோ வந்துதான் அழைத்துப் போக வேண்டும். தாமதமானாலும் பதற்றப்பட வேண்டாம். நீங்கள் வரும்வரை ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் இலவச எண் 1077-ஐ ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இத்துடன் உள்ள படிவத்தில், வெள்ள நேரத்தில் நீங்கள் தங்கப் போகும் மேட்டுப் பகுதி வீட்டின் முகவரியையும், பிள்ளையை அழைக்க வரக்கூடிய இருவரின் பெயர், கைபேசி எண்ணையும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். போக்கிடம் இல்லாதவர்கள் தயங்காமல் அதையும் எழுதுங்கள். உங்களுக்கு எங்கே இடம் ஏற்பாடு செய்யலாம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்