கட்டைக் குரலுக்கு அவசரம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்கள் அதிகம் தொடாத ஓபரா என்னும் மேலை இசைநாடகத்தைப் பற்றி ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கம் எழுதியதற்கு நன்றி. ஆனால் ஆகக் கட்டையான ஆண் குரலில் பாடும் 'பேஸ்' பாடகர்களைப் பற்றிய பத்தியைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. கட்டைக் குரல் பிறவியில் வாய்ப்பது, வாய்த்தவர்கள் உயர்ந்த ஆண் குரலில் பாடும் டெனர்களைப் போல் பாடுபட வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. பிறவியில் வாய்ப்பது குரல்நாண்களின் நீளமும் கனமும் மட்டுமே. மற்றவை எல்லாம் உழைத்துச் சேர்ப்பவை. அதுவும் பதினைந்து, இருபது ஆண்டுகளில்.

ஜெர்மானியப் பாடகர் குர்ட் மோலின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம். 1938-இல் கொலோன் நகருக்கு அருகே புயிர் என்னும் ஊரில் பிறந்தவர். சிறுவயதில் செல்லோ வாசித்தவர். கொலோன் இசைக் கல்லூரியில் குரல் பயின்றபின், 1960-களின் பெரும்பகுதியை மைன்ட்ஸ், வுப்பர்டால் போன்ற நடுத்தர நகரங்களின் அரங்குகளில் கழித்தார். ஹாம்பர்க் அரசு ஓபராவுக்கு வரும்போது முப்பதைத் தாண்டிவிட்டது. 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாக்னரின் 'பார்சிஃபால்' ஓபராவில் குர்னெமான்ஸ் வேடத்தைப் பாடி அமெரிக்காவில் அறிமுகமானபோது வயது 36. நியூயார்க் மெட்ரோபாலிடன் மேடை ஏறிய 1978-இல் 40. மெல்லிய சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) ஒருவருக்கு இது மிகத் தாமதம். பேஸுக்கு இதுதான் ஆரோக்கியமான கணக்கு. கனத்த குரல் முப்பதுக்கு மேல்தான் நிலைகொள்ளும்.

அந்தச் சிறு அரங்குகளின் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். அங்கே பாடகர் ஆண்டு ஒப்பந்தத்தில் மாதச் சம்பளக்காரர். சிறைக்காவலர், துறவி, கிழட்டு வேலைக்காரர் என்று நாலைந்து வரி வேடங்கள் பேஸுக்கே அதிகம் வரும். குரல் களைக்காது, ஆனால் இசை நடத்துநரைப் பார்த்துக்கொண்டே நடிப்பது, வாத்தியங்களுக்கு நடுவே தன் நுழைவைப் பிடிப்பது எல்லாம் படிந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் இளைஞர்கள்தான் முப்பத்தைந்தில் குரல் ஆடிப்போய் நிற்கிறார்கள்.

எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதை நம் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு. மந்தர பஞ்சமம் 98. மொட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் (1791) பேஸ் வேடமான சாராஸ்ட்ரோ மந்தர மத்தியமம் வரை இறங்குகிறார்: 87. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ரோஜா வீரன்' ஓபராவில் (1911) ஆக்ஸ் பிரபு இரண்டாம் அங்கத்தை மந்தர காந்தாரத்தில் நின்று முடிக்க வேண்டும்: 82. மொட்சார்ட்டின் 'அந்தப்புரக் கடத்தல்' (1782) ஓஸ்மினுக்கோ மந்தர ரிஷபம், 73. தொட்டுவிட்டு ஓட முடியாது, இழுத்து நிறுத்த வேண்டும். அதே ஓஸ்மின் மேலே தார ஸ்தாயி மத்தியமம் வரை போகிறார். லுட்விக் ஃபிஷர் என்ற பாடகரை மனத்தில் வைத்து எழுதிய வேடம் அது. பேஸுக்கே இவர் அளவுமீறிக் கீழே பாடுகிறார் என்று சால்ஸ்பர்க் பேராயர் குறைப்பட்டதாகவும், அடுத்தமுறை மேலே பாடுவார் என்று தாம் சமாதானம் சொன்னதாகவும் மொட்சார்ட் 1781-இல் தந்தைக்கு எழுதியிருக்கிறார்.

ஆகவே மேல் ஸ்வரம் எட்டவில்லை என்பதற்காக ஒருவரைப் பேஸ் என்று சொல்லிவிடக் கூடாது. பதினெட்டு வயதில் அப்படிச் சொல்லப்படுபவர்களில் பலர் மேல் ஸ்தாயி இன்னும் திறக்காத பாரிடோன்கள் (நடுத்தர ஆண் குரல்). பார்க்க வேண்டியது ஆகக் கீழான ஸ்வரத்தை அல்ல. எந்த ஸ்வரங்களுக்கிடையே அரைமணி நேரம் களைப்பில்லாமல் பாட முடிகிறது, மேலே போகையில் குரல் எங்கே நிறம் மாறுகிறது என்பதைத்தான். காலையில் எழுந்ததும் கிடைக்கும் கீழ் ஸ்வரத்தையும் நம்பக் கூடாது. திரை இரவு ஏழு மணிக்குத்தான் எழும்.

ஓபராவில் மைக் கிடையாது. 73 அதிர்வை வைத்துக்கொண்டு ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்ட யாராலும் முடியாது. அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வது அதன் மேலொலிகள், அதாவது அந்த ஸ்வரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள். வாத்தியக் குழுவின் பலம் 500 அதிர்வை ஒட்டி நிற்கிறது, அதற்குமேல் தேய்கிறது. பயின்ற பேஸ் 2,400-ஐ ஒட்டி ஒலியைத் திரட்டி அந்த இடைவெளியில் நுழைகிறார். குரல்வளையைத் தாழ்த்தி, குரல்நாண்களுக்குச் சற்று மேலுள்ள குழலைக் குறுக்கும்போது இது நிகழ்கிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் விளக்கினார்.

பிழைகள் இங்கேதான். கீழ் ஸ்வரம் சன்னமாக ஒலிக்கிறதே என்று மூச்சை அதிகம் தள்ளினால், தளர்ந்து கிடக்கும் குரல்நாண்கள் அழுத்தம் தாங்காமல் இறுகும். சுருதி மேலே ஏறும், ஒலி கரகரக்கும். இன்னொன்று நாக்கின் அடிப்பகுதியால் குரல்வளையை அமுக்குவது. பாடுபவர் காதுக்கு மலைபோல் கேட்கும், பத்தாவது வரிசையில் போர்வைக்குள் பேசியதுபோல் இருக்கும். பேச்சுச் சுருதியில் தொடங்கி 'ஈ' என்ற உயிரில் ஐந்து ஸ்வரங்கள் இறங்குவதும், இறங்க இறங்க மூச்சைக் குறைப்பதும்தான் மாற்றுவழி. கூர்மை கெடாமல் 'ஈ' எதுவரை போகிறதோ அதுவே அன்றைய எல்லை.

காத்திருப்பதும் இந்தக் குரலுக்கு ஒரு சோதனை. மொட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் கொமெண்டாதோரே என்ற பேஸ் பாத்திரம் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறது. பிறகு அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, சிலையாகத் திரும்பி, டிராம்போன்கள் முழங்க உச்ச பலத்தில் பாட வேண்டும். 'பார்சிஃபா'லின் குர்னெமான்ஸ் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேர முதல் அங்கத்தைச் சுமந்துவிட்டு இரண்டாம் அங்கம் முழுக்க ஒப்பனை அறையில் இருப்பார். அங்கே குரல் ஆறிப்போனால் மூன்றாம் அங்கம் போயிற்று. சிறு ஹம்மிங்கோடு மறுபடி சூடேற்றத்தான் வேண்டும்.

மோல் எதைப் பாடினார் என்பதைவிட எதைப் பாடவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாக்னர் ஓபராக்களின் பெரிய வேடங்களான வோடனையும் ஹான்ஸ் சாக்ஸையும் அவர் தொடவில்லை. இரண்டும் மணிக்கணக்கில் பேஸின் வசதியான எல்லைக்கு மேலே உலவும் வேடங்கள். அந்தக் கட்டுப்பாட்டால் இசை நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1994-இல் வியன்னாவில் நடத்திய 'ரோஜா வீர'னில், 55 வயதைக் கடந்தும் அந்த மந்தர காந்தாரம் அவரிடம் தளராமல் நின்றது. 2006-இல் மியூனிக்கில் வாக்னரின் 'மைஸ்டர்சிங்க'ரின் இரவுக் காவலராக, சில வரிகள் மட்டும் பாடி ஓய்வுபெற்றார். வயது 68.

கட்டுரையைப் படித்துவிட்டு இந்தக் குரலைத் தேடிக் கேட்கும் வாசகர்களுக்கு ஒன்று: கைபேசி ஒலிபெருக்கியில் 73 அதிர்வு வராது, மேலொலிகளைக் கொண்டு காது அதை ஊகித்துக்கொள்ளும். காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மேலைச் செவ்விசைக் குரற்பயிற்சி ஆசிரியர்,
சென்னை