கறுப்பனின் குறட்டை

கண்டி

அன்பின் குகனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கிறாள் என்றதில் எனக்குப் பெரிய சந்தோசம். கீழே எழுதியிருப்பதை அவளிடமும் கொடு, அவளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் பூனை கறுப்பன் குறட்டை விடுவதைக் கேட்டு வீடே சிரிக்கிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய குறட்டையும் உண்டுதான். ஆனால் ஐந்து வயதுவரை சத்தமில்லாமல் தூங்கியவன் இப்போது தொடங்கியிருக்கிறான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும். மூச்சுப் போகும் வழி எங்காவது ஒடுங்கியிருந்தால் அண்ணத்தின் பின்பக்கத்து மென்சதை அதிரும். பேர்ஷியன் போன்ற தட்டை மூஞ்சிப் பூனைகளுக்கு மூக்குத் துவாரம் பிறவியிலேயே சிறிது, அண்ணமும் நீளம். அவை குறட்டை விடுவது வழமை. சாதாரணப் பூனையும் கழுத்தை மடித்துப் படுத்தால் விடும், திரும்பிப் படுத்ததும் நின்றுவிடும்.

கறுப்பனில் நான் முதலில் சந்தேகப்படுவது எடையை. கருத்தடை செய்தபிறகு வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குள்ளேயே கிடக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறு, பிறகு உன் எடையை மட்டும் கழி. நம்மூர்ப் பூனைக்கு 4 கிலோ, கொஞ்சம் முன்பின் போதும். விலாவைத் தடவினால் எலும்பு இலேசாகத் தட்டுப்பட வேண்டும். குறைப்பதானால் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், கூடினால் 2. 6 கிலோப் பூனைக்கு அது 60 முதல் 120 கிராம். பட்டினி மட்டும் போடாதே. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

எடை இல்லையென்றால் மூக்கில் தேடவேண்டும். தும்மலும் சளியும் கண்ணீரும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ் தொற்று. இளம் பூனைகளில் மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவே சதை வளர்வதுண்டு. காதில் சீழ், தலை ஒருபக்கம் சாய்தல் என்று அது காட்டிக்கொடுக்கும். தின்ற புல்லின் தாள் ஒன்று அண்ணத்துக்குப் பின்னால் சிக்கியிருக்கலாம். மேற்பல்லின் வேரில் சீழ், பூஞ்சணத் தொற்று, வயதான பூனையில் கட்டி, எல்லாம் ஒரே சத்தத்தைத்தான் தரும். பஞ்சிலிருந்து ஒரு நூலளவு பிரித்து ஒவ்வொரு துவாரத்துக்கும் முன்னால் பிடித்துப் பார். ஒன்றில் அசைந்து மற்றதில் அசையாவிட்டால் ஒருபக்கம் அடைத்திருக்கிறது.

மகளுக்கான வேலை இது: அவன் நன்றாக அயர்ந்ததும், சுகத்தில் உறுமாமல் இருக்கும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கட்டும். ஏறி இறங்குவது சேர்த்து ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதற்கு மேல் வந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கதை.

விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டால், மூக்கிலிருந்து இரத்தமோ ஒருபக்கச் சளியோ வந்தால், மெலிந்தால், குரல் மாறினால், கிழமைக் கணக்கில் இழுத்தடிக்காதே. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, பல் முரசு நீலம் பாரித்தாலோ, வயிற்றை எக்கி எக்கி இழுத்தாலோ, நடு இரவென்றாலும் ஓட்டோ பிடி. அவனைக் கொண்டுபோகும் கூடையை மூடும் துவாய் காற்றோட்டத்தை மறைக்கக் கூடாது. குரல் மாற்றத்தோடு எச்சிலும் வடிந்து கடிக்க வந்தால் வாய்க்குள் கைவிடவே விடாதே, விசர்நோயாகவும் இருக்கலாம்.

பனடோல் ஒரு துண்டுகூடக் கொடுக்காதே, பூனைக்கு அது நஞ்சு. கற்பூரமோ யூக்கலிப்டஸோ சேர்ந்த தைலமும் பூசாதே. நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் அவன் படுக்கும் அறையில் நிறுத்திவிடு. சளிதான் என்றால் குளியலறையில் சுடுநீர் ஆவி நிறைய, நீயும் கூட இருந்து, 10 நிமிடம் வைத்திரு. சாப்பாட்டை இளஞ்சூடாக்கிக் கொடு. மணம் தெரியாத பூனை வாய் வைக்காது.

வைத்தியரிடம் போகும்போது குறட்டையைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போ. அங்கே மேசையில் அவன் ஒருபோதும் விடமாட்டான். அண்ணத்துக்குப் பின்னால் பார்க்க மயக்கம் கொடுக்கவேண்டிவரும், எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவை. வீடியோவை எனக்கும் அனுப்பு, எண்ணிய கணக்கையும் எழுது.

அன்புடன்,
ரவி