செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அறிவியலைச் செய்து பார்க்கும் நமது சங்கம் நான்காவது ஆண்டை முடித்திருக்கிறது. செயற்குழு ஆறு முறை கூடியது. உறுப்பினர்கள் 41 பேர். அவர்களில் தவறாமல் பள்ளிக்கு வருகிறவர்கள் 14 பேர். லேத் பட்டறைக்காரர், மோட்டார் வைண்டிங் செய்கிறவர், பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறவர், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்று பல கை சேர்ந்த கூட்டம் நம்முடையது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து மூன்று அரசுப் பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம்.

ஜூலையில் மண்டபம் பிடித்து, முந்நூறு பிள்ளைகளை வரவழைத்து ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினோம். பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான்-1 திட்ட இயக்குநரானதையும், 2008 அக்டோபர் 22 அன்று அது விண்ணுக்குப் போனதையும் படம் போட்டுச் சொன்னோம். பிள்ளைகள் நன்றாகக் கை தட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து வகுப்பில் கேட்டால் ராக்கெட் கிளம்பியது மட்டும்தான் நினைவில் இருந்தது. அந்த நாளுக்குச் செலவான பணத்தில் ஓர் ஆண்டுக்கான சாமான் வாங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. மண்டப நிகழ்ச்சி இனி வேண்டாம் என்று செயற்குழுவும் முடிவு செய்திருக்கிறது.

அதே மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்விதான் இந்த ஆண்டை நடத்தியது. "எங்க அப்பாரு காலத்துல மோட்டாரைக் கெணத்துக்குள்ளயே எறக்கி வெச்சிருந்தாங்களாமுங்க. மேல வெச்சா என்னங்க?" நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1930-களில் மின்சாரம் வந்த பிறகு நம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் வைத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்: தண்ணீர் மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்க வேண்டும். ஏன் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் வராது.

சொல்லிக் கொடுக்காமல் செய்து பார்க்கலாம் என்று தீர்மானித்தோம். உறுப்பினர் ஒருவர் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிதான் இடம். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, மேல் முனையை அடைத்து, கீழ் முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டு, கயிறு கட்டி மேலே இழுத்தோம். பாதி உயரம் தாண்டியதும் டியூப் சப்பையாகிவிட்டது. "யாரு நசுக்கினது?" என்று ஒரு பிள்ளை கேட்க, கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்: "காத்துங்க."

அடுத்த சனிக்கிழமை தடித்த ஹோஸ் வாங்கி வந்தோம். 31 அடி வரைக்கும் ஹோஸ் நிறையத் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் ஹோஸ் மட்டும் ஏறியது. தண்ணீர் அங்கேயே நின்று குமிழி விட்டது. பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம், ஏனென்றால் புத்தகக் கணக்குப்படி 10.3 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 34 அடி வர வேண்டும். மூன்று வாரம் அளந்தார்கள், டேப்பைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களே கண்டுபிடித்தார்கள். புத்தகக் கணக்கு கடல் மட்டத்துக்கு. கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் குறைவு. போதாததற்கு, மேலே சேரும் நீராவியும் தண்ணீரைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து அந்த மூன்று அடி. மேலே வைத்த மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, காற்றுதான் தள்ளிக் கொடுக்கிறது. அதன் பலம் அவ்வளவுதான். சப்மெர்சிபிள் என்கிற நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள் இருந்துகொண்டே மேலே தள்ளுவதால் பல நூறு அடி ஆழத்துக்கும் போகிறது. இதை அந்தப் பையன் தன் அப்பாருக்கு விளக்கிச் சொன்னானாம். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் மனம் நிறைந்த செய்தி இது.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த பழைய மோனோபிளாக் மோட்டாரைப் பிரித்தபோது கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல், அதாவது அதில் தேங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றாமல் விட்டுவிட்டோம். ஒரு மாணவனுக்கு ஷாக் அடித்தது. காயம் இல்லை என்றாலும் தவறு முழுக்க எங்களுடையது. வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டோம். இனி நாமே டிஸ்சார்ஜ் செய்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் எந்தப் பொருளும் பிள்ளைகள் கைக்குப் போகும்.

பெற்றோர் கூட்டம் இரண்டு நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்ந்தாலும் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. ஓர் அம்மா, "பொம்பளைப் புள்ள பட்டறையில என்னங்க பண்ணுவா?" என்று கேட்டார். நம் பெண் உறுப்பினர் வாயால் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவையும் மகளையும் தான் வேலை செய்யும் கம்பெனிக்கே அழைத்துப் போய், வைண்டிங் பிரிவில் பெண்கள் வேலை செய்வதையும், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், தான் கம்ப்யூட்டரில் வரைந்தபடியே வார்ப்பாகி வந்திருப்பதையும் காட்டினார். அந்தப் பெண் இப்போது பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குப் பணத்தைவிட ஆள்தான் கவலை. மாதம் இரண்டு சனிக்கிழமை வரக்கூடிய ஆறு பேர் வேண்டும், அதில் பெண்கள் மூவராவது இருந்தால் நல்லது. மேடைப் பேச்சு வர வேண்டியதில்லை. பிள்ளை கேட்கிற கேள்விக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லி, கூடச் சேர்ந்து தேடினால் போதும். ஓடாத மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் இருந்தாலும் கொடுங்கள்.

வரும் ஆண்டுக்கான முதல் கேள்வி வந்துவிட்டது. உடுமலைக்குப் போய் வந்த எட்டாம் வகுப்பு மாணவி கேட்டிருக்கிறாள்: காற்றாலைக்கு ஏன் மூன்றே இறக்கை? அதற்குப் பிள்ளைகளோடு சேர்ந்து அட்டையிலும் பிளாஸ்டிக் பைப்பிலும் இறக்கை வெட்ட விருப்பம் உள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்