ஆழம் யாருக்குக் காவல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடி கேபிள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'கடலின் ஆழமே இவற்றுக்குக் காவல்' என்றொரு வரி இருந்தது. கேபிள் கரையேறும் நிலையம் ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் பணி செய்தவன் என்பதால், அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க இயலவில்லை.

ஆழம் காவல் காத்திருந்தால், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஹாலிபட் நீர்மூழ்கி ஓகோட்ஸ்க் கடலுக்குள் நுழைந்து, ஏறத்தாழ 120 மீட்டர் அடியில் கிடந்த சோவியத் கேபிளை அறுக்காமலேயே அதன்மேல் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தியிருக்க முடியாது. அதைச் சோவியத்திடம் காட்டிக்கொடுத்ததும் கடலன்று. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் முன்னாள் ஊழியர் ரொனால்ட் பெல்டன், காசுக்காக. தாங்கள் அறியாததல்ல.

அதுவும் பழங்கதை. செம்புக் கம்பியைத் தொடாமலே அதில் ஓடும் பேச்சைப் பிடித்துவிடலாம். இன்றைய கேபிள்களின் கண்ணாடி இழையில் ஓடும் ஒளி அத்தனை எளிதில் கசியாது. ஆகவே கரையிலேயே கைவைக்கிறார்கள். பிரிட்டனின் 'டெம்போரா' என்ற உளவுத் திட்டம் கேபிள்களில் வருவதை அள்ளி, உள்ளடக்கத்தை 3 நாளும், யார் யாரைத் தொடர்புகொண்டார் என்ற விவரத்தை 30 நாளும் வைத்திருந்ததை, 2013-இல் அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின.

எனக்கு ஆவணம் தேவைப்படவில்லை. ஒருநாள் மேலிடக் கடிதத்தோடு இருவர் வந்து, எங்கள் கருவி அடுக்கில் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் சிறு பெட்டியொன்றைச் செருகிவிட்டுப் போனார்கள். மானியில் ஒளியளவு பாதியாகக் குறைந்ததற்குக் காரணம் கேட்டபோது, பதிவேட்டில் 'பராமரிப்பு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

இதையெல்லாம் 2013-லேயே விரிவாக எழுதித் தங்களுக்கு அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த இதழிலேயே கேபிளைக் கடிக்கும் சுறாமீனுக்கு வண்ணப் படத்தோடு முழுப்பக்கம் கிடைத்தது. கேபிள்கள் பெரும்பாலும் நங்கூரங்களாலும் மீன்பிடிக் கருவிகளாலுமே சேதமடைகின்றன என்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை போலும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடலடியில் போக, இணையம் என்றாலே செயற்கைக்கோள் வரையும் தங்கள் ஓவியரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வரும் இதழில், ஏதேனும் ஓர் ஓரத்தில், 'காவல்' என்ற அந்தச் சொல்லை மட்டும் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில் சுறாமீனைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் நிலைய ஊழியர்