கேமரா விலை போதும், வெளிச்சத்தைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் புதிதாகப் புகைப்படம் எடுக்கப் பழகுபவர்களுக்கென்று ஒரு பக்கம் வந்திருந்தது. மத்தியானச் சமையல் முடித்துவிட்டு ஆவலாக உட்கார்ந்து படித்தேன். எந்த மொபைலில் எத்தனை லென்ஸ், எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்பதிலேயே பக்கம் முடிந்துவிட்டது. வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கும்பகோணம் பக்கத்துத் திருபுவனத்தில் பட்டு நெசவுக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் கொழுந்தனார். கணக்கும் விற்பனையும் என் பொறுப்பு. 2019-ல் எங்கள் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து நேராக விசாரிப்பவர்கள் அதிகமானார்கள். விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது படம்தான். சரி, மொபைல் இருக்கிறதே என்று நானே எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அரக்கு நிறத்தில் ஒரு சேலை அனுப்பினோம். நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டது. படத்தில் தக்காளிச் சிவப்பாக இருந்தது, வந்தது வேறு நிறம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில், சேலையை மட்டும் திரை முழுக்க வைத்து நான் எடுத்த படம் அது. எங்கள் ஊர்ச் சேலைகளை விசிறி மாதிரி மடிப்போம், பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்பு கலைந்து, ஏதோ துண்டு மாதிரி சுருட்டி வந்த பெட்டியைப் பிரித்தபோது என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. தறியில் மூன்று வாரம் இருந்த சேலை அது.

அப்புறம்தான் முறையாகக் கற்றுக்கொள்வது என்று இறங்கினேன். பக்கத்து ஊரில் நடந்த ஒரு நாள் பயிற்சிக்கு 1,500 ரூபாய் கட்டிப் போனேன். காலையிலிருந்து மாலை வரை லென்ஸ் பெயர்களும் கேமரா மாடல்களும்தான். என் சேலையின் நிறம் ஏன் மாறுகிறது என்று கேட்டேன். நல்ல கேமரா வாங்குங்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து அழாத குறை.

பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. என் மாமனார் சாயப்பட்டறையிலிருந்து நூல் வந்தால் விளக்கடியில் வைத்து ஒருநாளும் பார்க்கமாட்டார். அந்த நூல் கழியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். வெயில் நேராக விழாத இடத்தில் நின்று, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நிறம் சரி என்பார். நாற்பது வருடமாக அவர் செய்வதைத்தான் கேமராக்காரர்கள் ஒயிட் பேலன்ஸ் என்கிறார்கள். வெளிச்சத்துக்கே ஒரு நிறம் உண்டு, அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மஞ்சள் பல்பு ஏறக்குறைய 2,700 கெல்வின், நடுப்பகல் வெயில் 5,500, நிழல் 7,000-க்கும் மேலே. மொபைலில் புரோ மோடு இருந்தால் இந்த எண்ணை நாமே வைக்கலாம். என்ன வெளிச்சமோ அந்த எண்ணை வைத்தால் வெள்ளை வெள்ளையாக வரும், மற்ற நிறங்களும் தானாக ஒழுங்குக்கு வரும். ஆனால் ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் ஒரே சேலையில் விழுந்தால் எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கம் நீலமடிக்கும், இன்னொரு பக்கம் பச்சையடிக்கும். இப்போது படமெடுக்கும் முன் நான் செய்கிற முதல் வேலை, வீட்டு விளக்கையெல்லாம் அணைப்பது.

அரக்கு சிவப்பானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். அடர்ந்த நிறத்தை மட்டும் காட்டினால், இருட்டாக இருக்கிறது போல என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சந்தன நிறச் சேலையைக் காட்டினால் குறைத்துவிடும், அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அரக்கு, கறுப்புக்கு அதைக் கொஞ்சம் கீழே இழுக்கவேண்டும், சந்தனத்துக்கும் வெள்ளைக்கும் மேலே தள்ளவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கம்பகரேசுவரர் கோயில் பிராகாரத்தில் கருத்த கல்தூண்களை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். முதலில் எல்லாமே வெளுத்த சிமெண்டு மாதிரிதான் வந்தன.

ஜரிகை வேறு சங்கதி. நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் ஜரிகை வெள்ளைத் தகடாகிவிடும், புட்டாவின், அதாவது நெய்த பூ, அன்னம் போன்ற உருக்களின், உள்வேலை ஒன்றும் தெரியாது. பிளாஷ் போட்டால் கேட்கவே வேண்டாம். கிழக்கு ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் வழியாக வரும் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி சேலையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் தனக்கென்று ஒரு குட்டி நிழல் போடும். அன்னத்தின் அலகு, கண் எல்லாம் எழும்பி நிற்கும். எதிர்ப்பக்கம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும்.

மயில்கழுத்து நிறத்தில் மட்டும் பல மாதம் தோற்றேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை என்பதால் பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுவதுதான் அதன் அழகு. தட்டையாக விரித்து எடுத்தால் வெறும் நீலம்தான் வருகிறது. ஒருநாள் முந்தியை உருளை மாதிரி வளைத்து மேசையில் வைத்தேன். வளைவின் ஒரு சரிவில் நீலம், மறு சரிவில் பச்சை, நடுவில் இரண்டும் கலந்து ஓடியது. அன்று எடுத்த படத்தை நான்தான் நம்பமுடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரிடம் காட்டினேன். மொபைலைக் கையில் வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

போன வருடம் அண்ணன் மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். அதில் லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும், 4, 5.6, 8, 11 என்று போகிற எஃப் எண்கள் பெரிய குழப்பம். எண் ஏற ஏறத் துளை சிறியதாகிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. பருத்தி நூலில் 40-ஆம் நம்பரைவிட 100-ஆம் நம்பர் மெல்லியது என்று நினைத்துக்கொண்ட பிறகு மறக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் உள்ளே போகிற வெளிச்சம் பாதியாகும், ஆனால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிகிற ஆழம் கூடும். புட்டாவைக் கிட்டப்போய் எடுக்க 8 அல்லது 11 வைக்கிறேன். அப்போது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் மெதுவாகிவிடும், கை ஆடும். முக்காலி ஸ்டூலில் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை எடுக்க இது உதவாது. அதற்கு விநாடியில் 500-ல் ஒரு பங்காவது ஷட்டர் வேண்டும், வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றவேண்டும், படத்தில் பொடிப் புள்ளிகள் விழத்தான் செய்யும். அதில் இன்னும் தடுமாறுகிறேன்.

இப்போது ஒவ்வொரு சேலைக்கும் முதல் படத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்புகிறேன். உங்கள் திரையில் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நிறம் வேறு என்று ஒரு சேலைகூட இந்த வருடம் திரும்பி வரவில்லை.

ஐயா, என் வேண்டுகோள் இதுதான். வாரம் கால் பக்கம் ஒதுக்கித் தமிழில் ஒரு தொடர் போடுங்கள். கேமரா விலைப் பட்டியல் வேண்டாம். ஒரே பொருளை இரண்டு வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன எண் வைத்தார்கள் என்று கீழே இரண்டு வரி எழுதினால் போதும். உங்கள் நாளிதழில் தினமும் வருகிற அருமையான படங்களின் கீழேயும் அந்த விவரத்தைப் போடலாமே. எடுத்தவருக்குத் தெரிந்ததுதானே, அதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லலாம். ஊறுகாய் விற்பவர், மண்பாண்டம் விற்பவர், மாலை கட்டி விற்பவர் என்று எங்கள் தெருவில் மட்டுமே ஏழெட்டுப் பெண்கள் மொபைலில் படமெடுத்து வியாபாரம் செய்கிறார்கள். எல்லோர் கையிலும் நல்ல மொபைல் இருக்கிறது. என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சேலை மட்டும்தான். எண்ணெய் மினுக்கும் மாவடுவை எப்படி எடுப்பது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொடர் வருவதாக இருந்தால் ஐப்பசிக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். தீபாவளி ஆர்டர் வருகிற சமயத்தில்தான் எங்கள் பக்கம் மழை பிடிக்கிறது. நாலு நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடிக்கொண்டால் ஜன்னல் வெளிச்சம் நீலமாகவும் மங்கலாகவும் ஆகிவிடுகிறது. அந்த நாளில் மாம்பழ மஞ்சளை எப்படி எடுப்பது என்று உங்கள் புகைப்படக்காரர் யாராவது முதல் பாடத்திலேயே சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நெசவுக் குடும்பத்து வாசகி,
திருபுவனம்.